மூன்றாம் அளவில் சட்டை இல்லை

ஓய்வுபெற்ற மறுவாரமே நான் மீண்டும் கணிதத் துறைக்குப் போய் நின்றேன். வீட்டில் என்னால் உபகாரம் எதுவும் இல்லை என்பதை என் மனைவி மிகுந்த நாகரிகத்தோடு உணர்த்தியிருந்தாள். துறையிலோ என் நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கணினியை வைத்திருந்தார்கள். இத்தனை வருடம் நான் அங்கே உட்கார்ந்து செய்ததைவிட அது அதிகமாகச் செய்யும் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

இளம் உதவிப் பேராசிரியை முத்துச்செல்வி அதில் மூன்று விதிகளைத் தட்டி, விசையை அழுத்தினார். நான் சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் திரையில் ‘5’ என்று வந்து நின்றது.

“ஜைனப் மேடத்தோட கணக்கு சார் இது. சரியா வந்துட்டு பாருங்க. இதை நீங்க ரெண்டு பேரும் கையால போட்டதா சொல்லுதாங்களே.”

“கையால மட்டும் இல்லம்மா. வாயாலயும்.”

ஓய்வுபெற்றவர்களுக்கு வரும் நோய் இவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது என்ற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். பிறகு இரக்கப்பட்டு, “எழுதித் தாங்க சார், கணித மன்ற மலர்ல நாலஞ்சு பக்கம் காலியா கெடக்கு” என்றார். காலிப் பக்கத்தை நிரப்புவதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் துறையில் இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் உடன்குடிக்காரன். வீட்டில் கருப்பட்டி வியாபாரம். கருப்பட்டியில் மண் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்தே சொல்லத் தெரியாத ஒரே பிள்ளை என்பதால் என்னைப் படிக்கவைத்தார்கள். படித்தேன். மதுரையில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம், பிறகு தூத்துக்குடியில் வேலை. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அப்போது கற்ற பெரும்பாலானவற்றை வேலைக்கு வந்தபின் மறந்துதான் கணக்குப் போடக் கற்றேன்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தவறாமல் கேட்பார்: “அண்ணாச்சி, காலேசுல என்ன பாடம் எடுக்கீய?”

“இடம் மாறுனா விடை மாறுத கணக்கு” என்பேன். மூணு நாலு பன்னிரண்டு, நாலு மூணும் பன்னிரண்டு. அது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஆனால் செயல்களை அடுத்தடுத்துச் செய்வதைப் பெருக்கல் என்று வைத்துக்கொண்டால் அப்படி இல்லை. வெளியே வந்து வீட்டைப் பூட்டுவது ஒன்று. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வர நினைப்பது வேறொன்று. எங்கள் எழுத்துகள் எல்லாம் அப்படிப்பட்ட செயல்கள். முன்பின் மாறினால் விடை மாறும்.

“இதுக்குச் சம்பளமும் குடுக்கானுவளா?” என்பார் அவர். அதற்குள் ஆத்தூர் வந்துவிடும். வெற்றிலைக் கட்டோடு நாலு பேர் ஏறுவார்கள். உரையாடல் நல்லபடியாக முடிந்துவிடும்.

வேலையை எனக்குக் கற்றுத்தந்தது, அல்லது நான் கற்கிறேனா என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது, துறைத்தலைவர் ரொட்ரிகோ சார். பழைய துறைமுகத்தில் தோணி வைத்திருந்த குடும்பம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த தோணிகள். சமையல்கட்டைக் ‘குசினி’ என்பார். யாரையும் ‘தப்பு’ என்று சொன்னதில்லை. நாம் கரும்பலகையில் அபத்தமாக ஏதாவது எழுதினால், “பாதை ரெண்டு ஆயிட்டுலே” என்பார். அதைக் கேட்பதற்கு ‘தப்பு’ என்று கேட்பதே மேல்.

அவருடைய பாதைகளைப் புரிந்துகொள்ள மூன்று எழுத்து போதும். க, ப, ம. துறையின் மற்ற ஆய்வேடுகளில் எழுத்துகள் அதிகம். அச்சுக் கோப்பவர் பிள்ளைகுட்டிக்காரர் என்பதால் சுருக்குகிறேன். எந்தச் சொல்லையும் அகராதி வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், க முதலில், ப நடுவில், ம கடைசியில். வரிசை தப்பி நிற்கும் இரண்டு எழுத்தைப் பார்த்தால் இடம் மாற்றலாம். ஆனால் சும்மா மாற்ற முடியாது. மாற்றும்போது கீழே கொஞ்சம் சிந்தும். ‘மக’ என்பதைத் திருப்பினால் ‘கம’ வரும், கூடவே இரண்டு ‘க’ சிந்தும். ‘பக’வைத் திருப்பினால் ‘கப’ வரும், அதிலிருந்து ஒரு ‘ம’ கழியும். இந்தச் சிந்தலுக்கு சார் ‘உதிரி’ என்று பெயர் வைத்திருந்தார். துறைமுகத்தில் பெட்டியில் அடைபடாமல் வரும் சரக்குக்கு அதுதான் பெயர்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எடை உண்டு. உதிரி எப்போதும் எடை குறைந்தது, ஒரு மட்டம் கீழே கிடப்பது. இப்படி மட்டம் பிரித்து வைத்த அமைப்பை பில்டர்டு அல்ஜீப்ரா என்போம். உதிரியை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உதறிவிட்டு, தலைப்பாகத்தை மட்டும் அடுக்கினால் கிடைப்பது கிரேடடு அல்ஜீப்ரா. அதில் எழுத்துகள் சண்டை போடாமல் இடம் மாறும், பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி.

ஊரில் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிக்கத் தலைக்கட்டு எண்ணுவார்களே, அதேதான். வீட்டுக்கு ஒரு தலை. பெண்டு பிள்ளைகள் கணக்கில் வராது. கணக்கு வெகு சுலபமாக முடிந்துவிடும். ஆனால் கொடையன்றைக்கு மைக் செட்டு வயரைப் பிடுங்கி விடுவது கணக்கில் வராத பிள்ளைகள்தான். எங்கள் தொழிலின் முழு சுவாரசியமும் இங்கேதான் இருக்கிறது. தலைக்கட்டைப் பார்த்து மொத்தக் குடும்பத்தையும் எப்போது ஊகிக்கலாம், எப்போது கூடாது?

அதற்கு ஒரு சோதனை உண்டு. ‘மபக’ என்று முழுக்கத் தலைகீழாக ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நேராக்க இரண்டு பாதை. இடப்பக்கம் ‘மப’வை முதலில் திருப்பலாம், வலப்பக்கம் ‘பக’வை முதலில் திருப்பலாம். இரண்டு பாதையும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் நிம்மதி. தலைக்கட்டுக் கணக்கை நம்பலாம். சேராவிட்டால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சைபர் என்று ஆகிவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே சொல்தானே. அந்த வித்தியாசம் போய் இன்னொன்றைச் சைபர் ஆக்கும். அது இன்னொன்றை. சில சமயம் ஒன்றும் சைபரும் சமம் என்பதுவரை போய்விடும். அப்போது மொத்தக் கட்டடமும் தரைமட்டம். நாம் இத்தனை நாள் ஆராய்ந்தது எதுவுமே இல்லாத ஒன்றை.

சாரின் வழக்கம் இது. இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்காரவைப்பார். ஒருவருக்கு இடப்பாதை, ஒருவருக்கு வலப்பாதை. பேசக்கூடாது. ஒரு சொல்லை எடுத்தால் முடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. “எங்க பாட்டையா முத்துச்சிப்பி குளிக்க முங்குன ஆளு. பாதித் தண்ணியில யாரும் மூச்சு விடமாட்டான்” என்பார். முடித்தபின் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே பார்ப்பார். இந்தச் சோதனை நடக்காமல் எங்கள் துறையிலிருந்து ஓர் ஆய்வேடும் பைண்டிங் கடைக்குப் போனதில்லை.

ஜைனப்புடையது மட்டும் அப்படிப் போக இருந்தது.

ஜைனப் என்னோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். காயல்பட்டினம். கணவர் தோஹாவில் துணிக்கடை வைத்திருந்தார், ஆயத்தச் சட்டைகள். ஜைனப் தினமும் பஸ்ஸில் வந்து பாடம் நடத்தி, பஸ்ஸிலேயே திரும்பிப் போய், நடுவில் கிடைத்த நேரத்தில் ஆய்வு செய்தார். அவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு நான் சொல்லும் மாதத்தோடு முடிய இருந்தது. அதற்குள் ஏட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்து, பட்டம் வாங்கியபின் ஒரு வருடம் கணவரோடு போய் இருப்பதாகப் பேச்சு. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. “இன்னொரு தடவ முதல்லேர்ந்து தொடங்க எனக்குத் தெம்பும் கெடையாது, கேக்க மூஞ்சியும் கெடையாது அண்ணாச்சி” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது மேலே சொன்ன மூன்று எழுத்துதான், ஆனால் நான் மேலே சொல்லாமல் விட்ட மூன்றாவது விதியில் ஒரு வால் சேர்த்து. ‘மப’வைத் திருப்பினால் ‘பம’ வரும், இரண்டு ‘ப’ கழியும். அதோடு ‘த’ மடங்கு ‘கம’ சேரும். அந்தத் ‘த’ ஓர் எண். த சைபர் என்றால் அது உலகறிந்த பழைய கதை. சைபர் இல்லை என்றால்? அதுதான் ஜைனப்பின் கேள்வி.

கேள்வி எதைப் பற்றி என்பதையும் சொல்லிவிடுகிறேன். க, ப, ம என்பவை வெறும் பெயர்கள். அவற்றுக்கு உடம்பு கொடுக்க வேண்டும், அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுர அணி. எண்களைக் கட்டம் கட்டி அடுக்கியது. விதிகள் எல்லாம் பொருந்த வேண்டும். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுவது மாதிரி. காளி ஒன்றுதான், தெருவுக்கு ஒரு காளி வருவார், ஒருவர் ஒல்லி, ஒருவர் தடி. ஆனால் யார் கட்டினாலும் காளிக்குரிய விரதம் ஒன்றே. எங்கள் பாஷையில் அதற்கு ரெப்ரசன்டேஷன் என்று பெயர். பழைய கதையில் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வேஷம் உண்டு: ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று முடிவில்லாமல். இதற்கு மேல் உடைக்க முடியாத தனி வேஷங்களைத்தான் சொல்கிறேன். ஒன்றுக்கு ஒன்றில் எல்லாம் சைபர், அது கணக்கில் சேர்த்தி, பெருமையில் சேர்த்தி இல்லை. ஜைனப்பின் தேற்றம், வால் சேர்த்தாலும் அப்படியே என்றது. ஒவ்வோர் அளவுக்கும் சரியாக ஒன்று. நான் வேஷம் என்பதை அவர் சட்டை என்றுதான் சொல்வார், வீட்டுத் தொழில் பாதிப்பு.

சோதனை நடக்காததற்குக் காரணம், சாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. ஒன்று முடிந்து அடுத்தது என்று இரண்டு மாதம் விடுப்பில் இருந்தார். திரும்பி வந்தபோது சோடாபாட்டில் மாதிரி கறுப்புக் கண்ணாடி. இன்னும் கொஞ்ச நாளைக்கு எதையும் வாசிக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஜைனப் ஒரு சனிக்கிழமை தட்டச்சு முடிந்த ஏட்டை மஞ்சள் பையில் போட்டு, பைண்டிங்குக்குக் கொண்டுபோகும் வழியில் சாரைப் பார்க்க வந்திருந்தார்.

“ஏளா, ரெண்டு பாதையும் நடந்தாச்சா?” என்றார் சார்.

“தலைப்பாகம் பழைய கதையேதான் சார். வால் வெறும் உதிரி. அதனால…”

“நடக்கல.”

“நீங்க இல்லாததால நடக்கல சார். இனி நீங்க வாசிக்கவும் கூடாதே.”

“காதுல புரை இல்லளா. ஏலே உடங்குடி, கதவைச் சாத்து. நீ வலது. அவ இடது. சத்தமா போடுங்க.”

இப்படித்தான் அது வாய்க்கணக்கு ஆனது. ஒருவர் போடும்போது மற்றவர் காதில் பஞ்சு. சார் தன் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. ஜைனப் சாவகாசமாகத்தான் தொடங்கினார், வண்டிக்காரனை நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி. மபக. மப-வைத் திருப்பி, பின்னால் வரும் க-வை முன்னால் கடத்தி, உதிரி விழுந்ததைத் தனியே ஒதுக்கி, கடைசியில் முடிவைச் சொன்னார். பிறகு நான். என் முடிவையும் சொன்னேன்.

“பஞ்சை எடுங்க” என்றார் சார். “மறுபடியும் சொல்லுங்க. கடைசி வரி மட்டும்.”

ஜைனப் சொன்னார். நான் சொன்னேன். கபம ரெண்டிலும் உண்டு. கழிகிற மம ரெண்டிலும் உண்டு. த மடங்கு ககம, அதுவும் ரெண்டிலும். பிறகு ஜைனப்பின் வரி நிற்காமல் போனது: “கூட்டல், ரெண்டு த, கக.”

என் வரியில் அது இல்லை.

“பாதை ரெண்டு ஆயிட்டு” என்றார் சார்.

என் கணக்கில்தான் ஓட்டை என்று மூன்று பேருமே முடிவு செய்தோம். அதுதான் துறையின் மரபு. பக்கம் மாற்றிப் போட்டோம். நான் இடது, ஜைனப் வலது. இந்த முறை உபரி என் வாயில் வந்தது. ரெண்டு த கக.

சைபர் இல்லாத த. ஆகவே கக சைபர். ஜைனப் சாக்பீஸை எடுத்து அதைப் பலகையில் எழுதினார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மனசில் ஓடியது எனக்கும் தெரிந்தது. மூன்றாம் அளவுச் சட்டையில் க-வை இருமுறை போட்டால் சைபர் ஆகக்கூடாது. அது ஆகாமல் இருப்பதில்தான் அந்தச் சட்டையே நிற்கிறது. விதி ஆகவேண்டும் என்கிறது. மூன்று போனால் நான்கு போயிற்று, ஐந்து போயிற்று, முடிவில்லாத பட்டியல் முழுக்கப் போயிற்று.

“அல்லாவே” என்றார் ஜைனப், ரொம்ப மெதுவாக. “இல்லாத ஆளுக்கெல்லாம் சட்டை தச்சிருக்கேன்.”

“மூணாம் அளவ எப்படி தச்ச?” சார் கேட்டார்.

“ரெண்டாம் அளவு வரைக்கும் விரிச்சு எழுதினேன் சார். அதுக்கப்புறம், ‘இவ்வாறே மற்றவையும்’னு…”

கணிதக்காரர்கள் குடியால் அழிந்ததைவிட ‘இவ்வாறே’யால் அழிந்தது அதிகம். நான் என் ஏட்டில் அதை எத்தனை இடத்தில் போட்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் நினைக்கப் பயந்தேன்.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். சார் கையை உயர்த்தினார். அவர் முகம் மாறியிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் கால் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் சாருக்குக் கால் ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

“கக போச்சு. அதோட நின்னுட்டா, இன்னும் இழுக்கா? பககவைப் போடுங்கலே.”

போட்டோம். புது விதி வந்தால் புதுச் சொற்கள் வரும், அவற்றுக்கும் இரண்டு பாதை. பககவிலிருந்து ‘கம’ என்பது கழித்தல் ‘க’ என்று விழுந்தது. அதாவது இரண்டெழுத்துச் சொல் ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது. அதைப் போட்டு அடுத்ததை இழுத்தால் ‘கப’ போயிற்று. பாதி மம, பாதி ம என்று கரைந்தது. வலை இழுக்கும்போது ஒரு கண்ணி பிரிந்தால் அடுத்தடுத்துப் பிரியுமே, அந்த வேகம். பலகையில் சமக்குறிகள் பெருகின, எழுத்துகள் குறைந்தன. பஞ்சை எல்லாம் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். வாசல் பக்கம் போன பியூன் எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை என்று நினைத்து, நல்லவேளையாக டீ கொண்டு வந்தார்.

இது நிற்காது என்று எனக்குத் தோன்றியது. இந்த வேகத்தில் போனால் இன்னும் பத்து வரியில் ‘ஒன்று சமம் சைபர்’ வந்துவிடும். அப்புறம் திருத்த ஏடும் இல்லை, திருத்த ஒன்றும் இல்லை. ஜைனப் வாழ்க்கையில் இவ்வளவு காலம் செலவழித்தது, சொல்லப்போனால், பூச்சியத்தைப் பற்றி.

“சார், நிறுத்திக்கிடுவோமா” என்றேன். “இது முழுசா முங்கிரும்.”

பதில் சொன்னது ஜைனப். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றவர், கையில் டீயோடு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “முங்காது.”

“எப்படி?”

“ரெண்டாம் அளவு நிக்குதுல்லா, அண்ணாச்சி. அது ‘இவ்வாறே’ இல்ல. நான் விரிச்சுப் போட்டது.”

அந்த நிமிடம் எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. அவ்வளவு எளிய விஷயம். எல்லா விதிக்கும் பொருந்துகிற ஒரே ஒரு வேஷம் மேடையில் நின்றால் போதும், நாடகமே இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. விதிகளிலிருந்து எதை இழுத்தாலும் அது அந்த இரண்டுக்கு இரண்டு அணிகளுக்கும் உண்மையாகத்தான் இருக்கும். அங்கே ஒன்றும் சைபரும் சமம் இல்லை. ஆகவே எவ்வளவு இழுத்தாலும் அந்த வரி வராது.

“ஏளா” என்றார் சார். அவர் எழுந்தே நின்றுவிட்டார். “அந்த ரெண்டையும் சொல்லு. கட்டம் கட்டமா சொல்லு.”

ஜைனப் சொன்னார். க-வுக்கு வலது மேல் மூலையில் ஒன்று, மற்றதெல்லாம் சைபர். ம-வுக்கு மூலைவிட்டத்தில் ஒன்றும் கழித்தல் ஒன்றும். ப-வுக்கு இடது கீழ் மூலையில் ஒன்று, வலது மேல் மூலையில் த-யில் கால், கழித்தல் குறியோடு. சார் கண்ணை மூடிக்கொண்டு, அல்லது மூடிக்கொண்டதாக நான் நினைத்தபடி, விரலால் காற்றில் பெருக்கினார். மூன்று விதிகளையும் ஒவ்வொன்றாகப் பெருக்கினார்.

“நிக்குது” என்றார். “நங்கூரம் பிடிச்சிட்டு. இனி எவ்வளவு வேணும்னாலும் இழுங்கலே.”

அதற்குப் பிறகு பயம் இல்லை. பசி இருந்தது, அதற்குப் பியூன் பொரித்த பரோட்டா வாங்கி வந்தார். எண்ணெய்க் கையோடு சாக்பீஸைப் பிடிக்கக்கூடாது என்பதால் ஜைனப் சொல்ல நான் எழுதினேன், நான் சாப்பிடும்போது அவர் எழுதினார். பப போய் மமவில் விழுந்தது. மமம என்பது வெறும் ம ஆயிற்று. கடைசியாக ஒரு சொல்லை எடுத்தோம், இரண்டு பாதையும் சேர்ந்தன. இன்னொன்று, சேர்ந்தன. மிச்சம் இருந்ததையெல்லாம் போட்டோம். எல்லாம் சேர்ந்தன.

பலகையில் அழியாமல் நின்றவை ஐந்தே ஐந்து: ஒன்று, க, ப, ம, மம. முடிவே இல்லாத கடல் என்று நினைத்தது ஐந்து சொல்லில் அடங்கிவிட்டது. அந்த ஐந்தில் நான்கு, இரண்டுக்கு இரண்டு அணியின் நாலு கட்டத்துக்கு. மிச்சம் ஒன்று, அந்த ஒன்றுக்கு ஒன்று சைபர் அணிக்கு. இரண்டு அளவுச் சட்டை. மூன்றாவது என்றைக்கும் கிடையாது, தைக்கவும் முடியாது. த எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் சரி, சைபராக இல்லாத வரைக்கும் இதே ஐந்துதான். சைபரானால் மட்டும் திடீரென்று கடல்.

சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் உத்தரவும் அதோடு கழன்றது. கண்ணில் தண்ணீர் வழிய, பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “எழுத எத்தனை நாள் இருக்கு?” என்றார்.

“பன்னெண்டு சார்.”

“போதும். தலைப்பை மாத்து. ‘இவ்வாறே’ன்னு ஒரு எடத்துல பாத்தேன்னா எனக்குக் கண்ணு தெரிஞ்சிட்டுன்னு அர்த்தம்.”

மஞ்சள் பை அன்று பைண்டிங் கடைக்குப் போகவில்லை. ஜைனப் அந்த ஏட்டின் முதல் அத்தியாயத்தையும் இரண்டாம் அளவு இருந்த பக்கங்களையும் வைத்துக்கொண்டார். நடுவில் இருந்த மொத்தத்தையும் புதிதாக எழுதினார். அவருக்கான வகுப்புகளை நான் எடுத்தேன். மாணவர்கள் அந்தப் பன்னிரண்டு நாளைத் தங்கள் இழப்பாகவே இன்றும் குறிப்பிடுகிறார்கள். கடைசி நாள் அலுவலகம் மூடுவதற்கு முன் ஏடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு வடக்கிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மெலிந்த மனிதர், கேள்வி கேட்பதற்கு முன் மூக்கைச் சொறிவார். தலைப்பாகம் பழைய கதையாகவே இருக்கும்போது இவ்வளவு பெரிய சரிவு நடக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

“மூன்றுக்கு மூன்றில் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை உங்களுக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“கிடைக்கலேன்னு சொல்லல சார். கிடையாதுன்னு சொல்றேன்.”

அவர் எழுந்து சாக்பீஸை எடுத்தார். தானே ஒன்றைச் செய்து காட்டி இந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிடலாம் என்று புறப்பட்டார். ஜைனப் ஓரமாக ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் சார், பழகிப்போன கறுப்புக் கண்ணாடியோடு. காதை மட்டும் பலகைப் பக்கம் திருப்பியிருந்தார். பேராசிரியர் ம-வை எழுதினார். க-வை எழுதினார். ப-வில் ஒரு மூலையைத் திருத்தினார், இன்னொரு மூலை உடைந்தது. அதை அழித்து வேறு மாதிரி எழுதினார். கூட்டத்துக்கு டீ வந்து ஆறிப்போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் வியர்த்தது.

கடைசியில் அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் நின்றார். கக சைபர் என்று அவர் கையே எழுதியிருந்தது. மூக்கைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். சின்னச் சிரிப்பில் தொடங்கி, தோள் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தார். சாக்பீஸை ஜைனப்பிடம் நீட்டி, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஆறிய டீயைக் குடித்தார். கேள்வி வேறு எதுவும் கேட்கவில்லை.

வெளியே வராந்தாவில் ஜைனப் தோஹாவுக்குப் போன் போட்டார். கணவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. பின்னால் கடைச் சத்தம். பட்டம் கிடைத்துவிட்டதைச் சொன்னார். கணவர் இறைவனிடம் துஆ செய்தார், சந்தோஷப்பட்டார், டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார். பிறகு நியாயமாக ஒன்று கேட்டார்.

“இத்தன வருசம் கஷ்டப்பட்டு என்ன கண்டுபிடிச்ச, சொல்லு. கடையில கேக்கிறவங்ககிட்ட நான் சொல்லணும்லா.”

“ரெண்டே ரெண்டு சைஸ்தான் இருக்கு. மூணாவது சைஸ் உலகத்துலயே கெடையாது. அதை நிரூபிச்சிருக்கேன்.”

கணவர் யோசித்துத்தான் பேசினார், மனைவியின் சந்தோஷத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்ற கவலை குரலில் தெரிந்தது.

“மாஷா அல்லா. ஆனா ஜைனப்பு, இதை இங்கன வாரவங்ககிட்ட சொல்லிராத. மூணாவது சைஸு இப்பத்தான் நாப்பது பெட்டி எறக்கியிருக்கேன்.”